நாலு வரியின் தலையில் வசுமதி

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் முதலில் நாள் பார்ப்பார்கள், அப்புறம் மண்டபம் பார்ப்பார்கள், அதற்கப்புறம் நேராக வந்து என் உயிரை வாங்குவார்கள். "டீச்சரம்மா, பொண்ணு பேரும் மாப்ள பேரும் வெச்சு ஒரு வாழ்த்து மடல் எழுதிக் குடுங்க." நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். அதற்காக எங்கள் இளம்பிள்ளை ஊரில் தாலி ஏறுகிற ஒவ்வொரு கழுத்துக்கும் உஷாராணிதான் பாட்டு எழுத வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் போட்டிருக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை.

எழுதுவதுகூடப் பரவாயில்லை. பேரை வரிகளின் தலையில் வைக்க வேண்டுமாம். முதல் வரியின் முதல் எழுத்து, இரண்டாம் வரியின் முதல் எழுத்து என்று மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தால் பேர் கிடைக்க வேண்டும். அச்சகத்தில் அந்த எழுத்துகளை மட்டும் பெரிதாக, சிவப்பாகப் போடுவார்கள். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து மடலைப் படிப்பார். படித்து முடித்ததும் சிவப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லுவார். கீழே உட்கார்ந்திருக்கும் கூட்டம் அதைச் சேர்த்துப் பேரைக் கத்தும், கைதட்டும். பிறகு மடல் கண்ணாடிச் சட்டத்தோடு பரணுக்குப் போய்விடும்.

அந்த ஒரு கைதட்டலுக்காக நான் படுகிற பாடு இருக்கிறதே! யோகேஷ் என்று பேர் வைத்துவிட்டு வந்து நிற்பார்கள். 'ஷ்' என்று தொடங்கும் தமிழ்ச் சொல்லுக்கு நான் எங்கே போவேன்? புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் நிற்காது என்று சொன்னால், "அதெல்லாம் உங்களுக்குக் கைவந்த கலைங்க" என்று சிரிப்பார்கள். பத்திக்கொண்டு வரும் எனக்கு. பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கோபத்தில் சொல்கிறேனே தவிர, இது லேசுப்பட்ட வேலை இல்லை. நம் இலக்கணத்தில் சித்திரக்கவி என்று இதற்கெல்லாம் தனி இடமே உண்டு. தேர் வடிவத்தில் எழுத்தை அடுக்குவார்கள், பின்னிக் கிடக்கும் பாம்புகளின் வடிவத்தில் அடுக்குவார்கள். கடைசியிலிருந்து படித்தாலும் அதே பாட்டாக வந்தால் மாலைமாற்று. பாட்டுகளின் முதலெழுத்து அகரவரிசையில் வந்தால் வருக்கக்கோவை. எபிரேயர்களும் தங்கள் துதிப்பாட்டுகள் சிலவற்றை அவர்களுடைய எழுத்து வரிசைப்படியே தொடங்கினார்கள். எனக்கு இவற்றில் பிடித்தது கரந்துறைப் பாட்டு. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். விவரம் தெரிந்த கண்ணுக்கு மட்டும் அது அகப்படும். வாயைத் திறந்து சொல்ல முடியாதது அந்தக் காலத்துப் புலவர்களுக்கும் ஏதாவது இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். வகுப்பில் இதைச் சொன்னால், "பரீட்சைக்கு வருமாங்க மிஸ்?" என்று கேட்கிறார்கள். வராது, போ.

எனக்கும் வாயைத் திறந்து சொல்ல முடியாதது ஒன்று இருந்தது. என் மூத்த மகளின் பேர்.

வசுமதி ஆத்தூரில் இருக்கிறாள். அங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்கு பார்க்கும் அன்பரசுவைக் கட்டிக்கொண்டாள். பையன் தங்கமான பையன். ஆனால் வேறு சாதி. அவள் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு என் வீட்டுக்காரர் வீரபாகு, "இனி அந்தப் பேர இந்த ஊட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்றார். சொன்னவர் அவர்தான், சொல்லவைத்தவர் அவருடைய அண்ணன் காளியப்பன். பங்காளிகளில் மூத்தவர். நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வந்து நின்றால்தான் நடக்கும் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு நினைப்பு. தறிப்பட்டறையில் ஆட்களை அதட்டுகிற மனுஷன், அண்ணன் எதிரில் நின்றால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

இளையவள் வெண்ணிலாவுக்குத் திருச்செங்கோட்டு மாப்பிள்ளை ஆனந்தகுமார் அமைந்ததும், எப்படியாவது வசுமதியைக் கூப்பிட்டுவிடலாம் என்று நானும் வெண்ணிலாவும் மல்லுக்கு நின்றோம். அழுது பார்த்தோம், சோறு ஆக்காமல் இருந்து பார்த்தோம். காளியப்பன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"அவ வந்தா நாங்க வரமாட்டம். நாங்க வந்தா அவ வரக் கூடாது. எது வேணுமோ பாத்துக்கோ வீரபாகு."

"அண்ணன் இல்லாம எப்படிப் புள்ள கல்யாணம் பண்றது?" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார்.

"அக்கா இல்லாம மட்டும் பண்ணலாமாக்கும்?" என்றேன். எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். இப்படிக் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பட்டறையில் வேலை வந்துவிடும்.

பத்திரிகையில் பங்காளி, மாமன், மச்சான், அவர்களுடைய பேரன் பேத்தி வரை எல்லார் பேரும் வந்தது. வசுமதி பேர் வரவில்லை. அச்சாகி வந்த பத்திரிகையைப் பார்த்து வயிறு எரிந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. வாழ்த்து மடலை எப்படியும் நான்தான் எழுதப் போகிறேன். 'வெண்ணிலா', 'ஆனந்தகுமார்' இரண்டிலும் வரியின் தலையில் நிற்காத எழுத்துகள் இருக்கின்றன, அதனால் இந்த முறை பேர்ப்பாட்டு இல்லை, சும்மா நாலு வரி வாழ்த்து என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என்னமோ எழுது" என்றார். அவருக்குப் பந்திக் கவலை.

நாலே வரி. வசுமதிக்கு எழுத்தும் நாலுதான். புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை. பேரைத் தேர்ந்தெடுத்து வைத்தவள் நானல்லவா!

வந்தவர் யாவரும் வாழ்த்தொலி எழுப்ப,
சுற்றம் ஒருவரும் குறையா திருக்க,
மங்கலம் நிறையும் மனையறம் தழைக்க,
திங்களும் ஒளியுமாய் இணைந்துவா ழியரே!

எழுதி முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. யாருக்கும் தெரியாமல் என் மகள் தங்கையின் கல்யாணத்துக்கு வந்துவிடுவாள். காளியப்பன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். கேட்டுக் கைகூடத் தட்டுவார். கறுப்பு மையில் கறுப்பு எழுத்தாக அவள் அங்கே நிற்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அது போதும்.

மாடிக்குப் போய் வசுமதிக்குப் போன் செய்து சொன்னேன். நாலு வரியையும் படித்துக் காட்டி, எழுத்தையும் சொன்னேன். "சரிங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன், நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம்? கோபமாகத்தான் போனை வைத்தேன்.

மடல் அடிப்பது பிளக்ஸ் கடை சிவக்குமார். நான் எழுதுகிற எல்லா மடலும் அவனிடம்தான் போகும். இந்த முறை படித்துப் படித்துச் சொன்னேன். "எல்லா எழுத்தும் கறுப்பு. ஒரே அளவு. புரிஞ்சுதா?" "புரிஞ்சுதுங்க டீச்சரம்மா" என்றான். சரிபார்க்க அவன் அனுப்பிய படத்தில் எல்லாம் கறுப்பாகவே இருந்தது. நிம்மதியாகப் பூக்காரனையும் சமையல்காரரையும் துரத்தப் போய்விட்டேன்.

முகூர்த்தத்தன்று விடியற்காலையில், சீர்த்தட்டுகளோடு காரில் மண்டபத்து வாசலுக்கு வந்து இறங்கினேன். வாசலின் வலது பக்கம், வாழைமரத்தை ஒட்டி, ஓர் ஆள் உயரத்துக்குப் பிளக்ஸ். என் நாலு வரி. ஒவ்வொரு வரியின் தலையிலும் முறத்தளவுக்கு ஓர் எழுத்து, ரத்தச் சிவப்பில், மஞ்சள் விளிம்பு கட்டி. வ. சு. ம. தி. அடியில், 'அன்பளிப்பு: சிவக்குமார் பிளக்ஸ்' என்று ஒரு வணக்கம் போடும் படம் வேறு.

சிவக்குமார் பக்கத்திலேயே நின்று, பரிசு வாங்க வந்தவன் மாதிரி இளித்துக்கொண்டிருந்தான்.

"அட பாவி! என்னடா பண்ணி வெச்சிருக்கற?"

"நல்லாருக்குதுங்களா? மத்தவீங்க கல்யாணத்துக்கெல்லாம் செவப்புப் போட்டுட்டு, உங்கூட்டுக் கல்யாணத்துக்குக் கறுப்பாவே உட்டா நல்லாருக்குமுங்களா? வேலை நெருக்கடில மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நானே சரி பண்ணீட்டனுங்க. பிளக்ஸு நம்மளோட அன்பளிப்புங்க. கண்ணாடி போட்ட மடலையும் மேடைல வெச்சாச்சுங்க."

"என்ன பேர் வருதுன்னு பாத்தியா நீ?"

"அதெல்லாம் நான் எங்கீங்க பாக்கறது? வரியோட மொத எழுத்தப் புடிப்பேன், செவப்பக் குடுப்பேன், பெருசாக்குவேன். நீங்க எழுதுனா தப்பு வருமுங்களா?"

அவனை அங்கேயே நாலு அறை அறைந்திருப்பேன். கையில் தட்டு இருந்ததால் பிழைத்தான். வருஷக்கணக்காக நான் எழுதிக் கொடுத்த பேர்ப்பாட்டுகளில் ஒன்றைக்கூட இவன் படித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. படித்திருந்தால் இன்றைக்கு மாட்டியிருக்க மாட்டேன்.

"கழட்டுடா அத" என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒரு வேன் நிறையப் பங்காளிகள் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாழ்த்து மடலைக் கண்டால் கண் முதலில் சிவப்புக்குத்தான் போகும். வரியை அப்புறம்தான் படிப்பார்கள். வேனிலிருந்து குதித்த ஒரு சின்னப் பெண், "வ, சு, ம, தி... வசுமதி! அம்மா, மணப்பொண்ணு பேரு வசுமதியாம்மா?" என்று கத்தினாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள். கடைசியாக இறங்கிய காளியப்பன் பிளக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏம்புள்ள, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? அண்ணன் வேன் சாவியக் கேக்கறாரு. கெளம்பறேங்கறாரு."

"நான் ஒளிச்சுத்தாங்க வெச்சேன். இந்தக் கேணயன்தான்..."

"ஒளிச்சு வெக்க இது என்ன திருட்டு நகையா?" என்று கத்தியவர், பிளக்ஸை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு அவிழ்க்கச் சொல்லுவார் என்று பார்த்தால், அதுவும் இல்லை. "பொண்ணு பேருல வந்த வாழ்த்தக் கல்யாணத்தன்னிக்கிக் கழட்டுனா சகுனம் நல்லாருக்காது" என்று முணுமுணுத்துவிட்டு, பூக்காரனைக் கூப்பிட்டு, பிளக்ஸின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே கனமாக ஒரு செவ்வந்திச் சரத்தைத் தொங்கவிடச் சொன்னார். நாலு சிவப்பு எழுத்தும் பூவுக்குள் போயின. இவருக்கு எல்லாமே இப்படித்தான். கழட்டவும் மாட்டார், காட்டவும் மாட்டார்.

மறைத்தால் ஆயிற்றா? வாழ்த்து மடலில் சிவப்பு எழுத்து இல்லை என்றால் எங்கள் சனங்களுக்குத் தூக்கம் வருமா? வந்தவர்களெல்லாம் பிளக்ஸ் முன்னால் நின்று, "'ந்தவர் யாவரும்'னு என்னத்த எழுதியிருக்கறாங்க?" என்று சரத்தை விலக்கிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களிடம் கிசுகிசுத்தார்கள். வரவேற்பில் பன்னீர் தெளித்தவளிலிருந்து பந்தியில் இட்லி வைத்தவர் வரை எல்லார் வாயிலும் ஒரே பேர். அத்தனை பேர் சொல்லியும், ஒருவர்கூட என்னிடம் வந்து, "வசுமதி எங்கே?" என்று கேட்கவில்லை. என்னைக் கண்டதும் புடவை என்ன விலை என்று கேட்டார்கள்.

காளியப்பன் போகவில்லை. அவரைச் சமாதானப்படுத்தி முன்வரிசையில் உட்கார வைக்க என் வீட்டுக்காரர் யார் யார் காலில் விழுந்தாரோ தெரியாது. தாலி கட்டி முடிந்தது. வெண்ணிலா குனிந்து தாலி வாங்கியபோது நான் அழுதேன். எந்த மகளுக்காக அழுதேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. எப்படியோ தப்பித்தோம் என்று மூக்கைச் சிந்தி நிமிர்ந்தபோது, மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் மேடையில் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் கையில் கண்ணாடி போட்ட மடல்.

வாசலில் பூச்சரம் கட்டிய அமளியில் மேடையில் இருந்த மடலை எல்லாரும் மறந்துபோயிருந்தோம். எழுந்தேன். சுற்றிலும் நாற்காலி. அந்தப் பையன் திருச்செங்கோட்டுக்காரன், அவனுக்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் தெரியாது. நாலு வரியையும் அருமையாகப் படித்தான், ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி. படித்துவிட்டு, "செவப்பு எழுத்து சொல்றேங்க, சேர்த்துச் சொல்லுங்க!" என்றான்.

"வ!"

முன்வரிசையில் காளியப்பன் தலையைத் திருப்பினார்.

"சு! ம! தி!"

எங்கள் சனங்களைப் பற்றி என்ன சொல்ல? எத்தனையோ கல்யாணத்தில் பழகிய வாய். யோசிக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் தெருக்காரர்களும் தறி ஓட்டுகிறவர்களும், மண்டபமே அதிரும்படி ஒரே குரலில் கத்தினார்கள்.

"வசுமதி!"

கத்தின பிறகுதான் என்ன கத்தினோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. கைதட்டல் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் மட்டும் கேட்டு, அதுவும் நின்றுவிட்டது. நாதஸ்வரக்காரர் ஊதலாமா வேண்டாமா என்று குழலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். என் வீட்டுக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி தரையைப் பார்த்து நின்றார். காளியப்பன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மேடையையே பார்த்தேன்.

வெண்ணிலாவின் தோழி வித்யா மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். கையில் வெண்ணிலாவின் போன்.

"அம்மா, தாலி கட்டுறதுலருந்து அக்காவுக்கு வீடியோல காட்டீட்டு இருந்தனுங்க. வெண்ணிலாதான் சொன்னா. அக்கா உங்ககிட்டப் பேசோணுங்கறாங்க."

வாங்கிப் பார்த்தேன். வசுமதி புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஆத்தூரில் தன் வீட்டுச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பெருமை தாங்கவில்லை.

"கேட்டுதா கண்ணு? மண்டபமே சொல்லுச்சே! நாந்தான் சொன்னனல்ல?"

"கேட்டுச்சுங்கம்மா. எல்லாருஞ் சொன்னாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா சொல்ல மாட்டாருன்னு தெரியுமுங்க. உங்க சத்தம் கேக்குதான்னுதான் பாத்துட்டே இருந்தேன். உங்க சத்தம் மட்டும் கேக்குலீங்கம்மா."

எனக்கு முதலில் சுருக்கென்று கோபம்தான் வந்தது. எழுதினவள் நான்! ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் எழுத்தை அடுக்கினவள் நான்! இவளுக்காக ஊர்முன்னால் தலைகுனிந்து நிற்கிறவள் நான்! அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாகப் போனில்கூட அவளைக் கண்ணு என்கிறேன், சாமி என்கிறேன். ஊரே சொன்ன பேரைச் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். சிவக்குமாரைத் திட்டினேன், வீட்டுக்காரரைத் திட்டினேன், காளியப்பனைச் சபித்தேன். என் மகளின் பேரை ஒளிக்கச் சொல்லி இவர்களில் யார் என்னிடம் கேட்டார்கள்?

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தார். போனில் யாரென்று பார்த்துவிட்டார். "வேண்டாம் புள்ள, அண்ணன் இருக்கறாரு. மெதுவா வெளிய போய்ப் பேசு" என்றார். குரல் கெஞ்சியது.

நான் வெளியே போகவில்லை. போனை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். காளியப்பனுக்குக் கேட்க வேண்டும், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

"வசுமதீ! வசுமதி, உன்ற அம்மா கூப்படறேன். மாப்ளையக் கூட்டீட்டு இப்பவே கெளம்பி வா சாமி. நீ வந்தப்பறம்தான் தங்கச்சிய அனுப்புவேன். உங்கொப்பன் பக்கத்துலதான் நிக்கறாரு, கேட்டுட்டுதான் இருக்கறாரு."